சிவப்புப் புள்ளி வைத்த உருண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

காகிதம் சாய்ந்திருந்த பக்கத்தைத்தான் முதலில் கவனித்தேன். எங்கள் பட்டாசு ஆலையில் வாண உருண்டைக்குள் வெடிமருந்தை நிரப்பி மூடியதும், பசை தடவிய காகிதப் பட்டைகளை ஒன்பது சுற்று ஒட்டுவோம். அந்த இறுக்கம் இருந்தால்தான் அது வானத்தில் வட்டமாக விரியும். நேற்று சூப்பர்வைசர் ஒன்றை உரித்துப் பார்த்தார். ஆறு சுற்றுதான் இருந்தது. மேலே என் அடையாளமான சிவப்புப் புள்ளி. ஆனால் பட்டைகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நான் இடக்கைக்காரி, எனக்கு இடப்பக்கம்தான் சாயும். எங்கள் மேசையில் இருப்பது நானும், நீ நம்பி என்னை ஒப்படைத்த அக்காவும்தான். தன் உருண்டைக்கு என் புள்ளியை வைத்திருக்கிறாள்.

“வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? இன்னொண்ணு இப்படி வந்துச்சுன்னா, ஊருக்கு வண்டி ஏறிடு,” என்றார் அவர்.

“சின்னப் பொண்ணு சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க,” என்று அக்கா என் தலையைத் தடவினாள்.

பயப்படாதே, வேலை போகவில்லை. சிவப்பு மை வைத்திருக்கும் என் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு மட்டும் அனுப்பு. அக்கா உன்னோடு போனில் பேசினால் எதுவும் கேட்டுவிடாதே. மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். நான் அவளோடு சண்டை போடவில்லை. என் பசைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்கு மாறிவிட்டேன்.

உன் மகள்