திட்டு இல்லாத கடிதம்

அடியே வாயாடி,

அன்பும் எரிச்சலும் சரிபாதியாகக் கலந்து உன் பக்கத்து நாற்காலிக்காரி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அம்மா நலம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்றுதான் பார்த்துவிட்டு வந்தேன். வலது கண்ணில் புகைச்சல் கூடியிருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நான் இளைத்துவிட்டேன் என்று அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துத் திட்டினார்.

தாளைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். நாளெல்லாம் திரையைக் கட்டிக்கொண்டு அழுகிறவள், இந்தக் கோழிக்கிறுக்கலில் கடிதம் எழுதுகிறாளே என்று. சிரிக்காதே. விசாரணைக்கு என்று எங்கள் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து அதைத் தொடவே கூசுகிறது. படுக்கையறையில் தலையணைக்கு அடியில் அதைப் போட்டு, வானொலியைப் பாடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குக்கர் விசிலுக்குக்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். சித்தப்பா வேலை விஷயமாக உன் நகரத்துக்கு வருகிறார். அவருடைய சவரப் பெட்டிக்குள் இது வரும். "இந்தக் காலத்துல கடிதமா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன்.

அந்தக் குறுஞ்செய்தியைப் பற்றி நீயும் படித்திருப்பாய். அது எப்படிக் கிளம்பியது என்பது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வராது.

நீ வேலையை விட்டு வெளிநாடு போன பிறகும் எங்கள் பிழைப்பு அதேதான். மழை, வெள்ளம், குடிநீர் நிறுத்தம் என்றால் நகரத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் அரசாங்கத்தின் சார்பில் எச்சரிக்கை அனுப்புவது, மற்ற நேரத்தில் அந்த இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது. சோதனைச் செய்தியில் நடக்கவே முடியாததைத்தான் எழுத வேண்டும் என்ற வழக்கத்தை ஆரம்பித்தவள் நீ. நிஜம் போல எழுதினால் யாராவது நிஜம் என்று நம்பிவிடுவார்கள் என்றாய். 'இன்று வானத்திலிருந்து பஞ்சு மெத்தை விழும், குடை வேண்டாம்' என்று நீ எழுதியதைப் பார்த்து நம் கடிகாரமே சிரித்தார். அதற்கு முன்னும் பின்னும் அந்த மேலாளர் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தே பார்த்திருக்கிறோம், சிரித்துப் பார்த்ததில்லை. அதிலிருந்து யார் பெரிய புளுகு எழுதுவது என்று எங்களுக்குள் ஒரே போட்டி.

அன்று கடிகாரத்தின் முறை. காலையில் உண்மையான மழை எச்சரிக்கை ஒன்று அனுப்பியிருந்தோம். அனுப்பி முடித்ததும் திரையின் மூலையில் இருக்கிற பொத்தானை 'உண்மை'யிலிருந்து 'சோதனை'க்குத் திருப்ப வேண்டும். அவர் திருப்பியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம், நாங்கள் திருப்பியிருப்போம் என்று அவர் நினைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மனிதர் வெகு நேரம் யோசித்து, உலகத்திலேயே நடக்க முடியாத ஒன்றைத் தட்டினார்.

'அதிபர் பதவி விலகினார். பொதுமக்கள் வெளியே வந்து மகிழலாம்.'

நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். இந்த மாதப் போட்டியில் நீங்கள்தான் சார் ஜெயித்தீர்கள் என்றோம். அப்போது என் பை அதிர்ந்தது. அவர் சட்டைப்பை அதிர்ந்தது. மேஜைகளில் கிடந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. சிரிப்பு அடங்க நேரமாயிற்று, எல்லோரும் ஒரே வேகத்தில் புரிந்துகொள்வதில்லையே.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைக்காரர்கள் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பேருந்துகள் நடுத்தெருவில் நின்று ஹாரன் அடித்தன. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓட்டுநரை உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் போட்டால் கத்துவாரே, அவர்தான். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது அவர் தெருமுனையில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையையும் பிடித்துக் குலுக்கி, "பாத்தியாம்மா, நம்ம காலத்துலயே பாத்துட்டோம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அது பொய், உள்ளே போங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டிகள் வந்து தெருவில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போயின. அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. அவருடைய சீருடை துவைத்த மேனிக்குக் கொடியில் தொங்குகிறது, அவர் மனைவி அதை எடுப்பதில்லை.

அரசியல் எதற்கு, நமக்கு நம் வேலை உண்டு நாம் உண்டு என்று தேநீர் இயந்திரத்தின் முன்னால் நான் உன்னிடம் பேசியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. எழுத்து அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கலாமா, பொத்தான் பச்சையா நீலமா என்று மணிக்கணக்காகச் சண்டை போட்டோம். அந்தப் பொத்தானை யார் கையில் கொடுக்கிறோம் என்று ஒரு நாளாவது பேசினோமா?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

நீ வேலையை விட்டபோது உன் பெயரை இயந்திரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. எல்லாக் கதவும் திறக்கிற அனுமதி உன் பெயருக்குத்தான் இருந்தது, புதிதாக வாங்க வேண்டுமென்றால் மேலே எழுதிப்போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் சோதனை என்றால் உன் பெயரில் நுழைவது, உன் பெயரில் அனுப்புவது. நீ அங்கே குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறாய், உன் பெயர் மட்டும் இங்கே சம்பளமில்லாமல் உழைக்கிறது என்று நாங்கள் கேலிகூடப் பேசினோம். கடிகாரம் அந்தச் செய்தியை அனுப்பியதும் உன் பெயரில்தான்.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவைத் திறந்து, இது யார் என்று கேட்டார்கள். கடிகாரம்தான் பேசினார். வெளிநாட்டுக்குப் போன பெண், போகும்போதே அரசாங்கத்தின் மேல் கோபமாகத்தான் போனாள், அங்கிருந்தே நுழைந்து அனுப்பியிருக்கிறாள் என்றார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

பிறகு படிக்கட்டில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அவ தப்பிச்சுட்டாம்மா. கடல் தாண்டி இருக்கா, அவளை யாரு என்ன செய்ய முடியும்? எனக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னது இப்பத்தான் நடக்குது" என்று அழுதார். அவள் அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு வருகிறாள், டிக்கெட் எடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார். முதல் முறையாக மணி பார்க்காமல் இருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லோரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் பேனாவை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். அதிகாரி கோபப்படவில்லை. தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, திங்கட்கிழமை வாங்க. உண்மையைச் சொல்றவங்களுக்கு என்ன பயம்?" என்றார். அவர் அதட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நாளைக்குத்தான் திங்கட்கிழமை.

நேற்று உன் அம்மாவைப் பார்க்கப் போனபோது வாய் நிறையச் சிரிப்பாக இருந்தார். உன் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு ஆண்கள் வந்தார்களாம். "என்ன மரியாதை, என்ன மரியாதை! செருப்பை வெளியவே விட்டுட்டு வந்தாங்க" என்றார். நீ எந்தத் தேதியில், எந்த விமானத்தில் வருகிறாய் என்று கேட்டார்களாம். தேதியைத் தடவித் தடவி நாட்காட்டியில் காட்டிவிட்டார். போகும்போது, "ஆபரேஷன் சமயத்துல மக பக்கத்துல இருக்கணும்மா, கட்டாயம் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நம் அலுவலகத்தில் செருப்பு போடுகிற ஆண் யாரடி? எல்லோரும் ஷூதான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கண்ணோடு பயப்படவும் செய்வார்.

அதனால் வராதே. டிக்கெட்டைக் கிழித்துப் போடு. அம்மா தொலைபேசியில் அழுவார், நீ வந்தால்தான் ஆபரேஷனுக்குப் படுப்பேன் என்று அடம்பிடிப்பார். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கிக்கொள், பரவாயில்லை. நான் இருந்தால் கட்டு அவிழ்க்கும்போது அவர் எதிரில் நிற்பேன். நான் இல்லாவிட்டால் என் தங்கை நிற்பாள், காரணம் எதுவும் சொல்லாமல் அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்காதே. நீ இல்லை, உன் பெயர் மட்டும்தான் அது என்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடியிடமே குரல் எழும்பவில்லை. மேஜையில் பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நான், உனக்கே தெரியும். அந்த அறையில் என்னிடம் என்ன எழுதச் சொன்னாலும் நான் எழுதிவிடலாம். அதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன், இவ்வளவு சுற்றி வளைத்து.

கேட்டுக்கொள். இனிமேல் என்னிடமிருந்து உனக்குச் செய்தி வரலாம். எல்லாம் சரியாகிவிட்டது, அம்மா தேடுகிறார், தைரியமாகப் புறப்பட்டு வா என்று அதில் இருக்கலாம். என் கையெழுத்தாகவே இருக்கலாம், என் குரலாகவேகூட இருக்கலாம். அதில் எங்கேயாவது ஒரு திட்டு இருக்கிறதா என்று பார். உன்னைத் திட்டாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். 'அன்புள்ள தோழிக்கு' என்று மரியாதையாக ஆரம்பித்தால், பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள். அதைப் படித்துவிட்டு எனக்காகக் கொஞ்சம் அழுதுவிட்டு, இருந்த இடத்திலேயே இரு.

குக்கர் அடங்கிவிட்டது. சித்தப்பா வாசலில் கூப்பிடுகிறார். நேரத்துக்குச் சாப்பிடு சோம்பேறி, காதை மூடிக்கொண்டு போ, குளிர் உனக்கு ஆகாது. எருமை, தடிமாடு, அறிவுகெட்டவளே, நன்றாக இரு. தூரமாக இரு.

உன் நலத்தையும், நமக்கு நடுவே இருக்கிற அந்தக் கடலையும் வேண்டிக்கொள்ளும்,
உன் பக்கத்து நாற்காலிக்காரி