காலியாக விடக் கூடாத கட்டம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் மழையில் பக்கத்துப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமின் காய்கறித் தோட்டங்களில் சேறு புகுந்துவிட்டது. நிவாரணச் சோற்றுக்குப் பெயர் பதியும் கணினிப் படிவத்தைச் செய்தவன் நான்தான். பாஸ்போர்ட் எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் அது பெயரை ஏற்காது. இடுப்புவரை சேற்றோடு வந்த பர்மாக்காரர் ஒருவரிடம் அந்த எண் இல்லை. விதி விதிதான் என்று திருப்பி அனுப்பினேன். அவர் சேற்றுக் காலோடு திரும்பி நடந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குணவதி டீச்சர் கரண்டியோடு வந்து, இங்கத்தி வழக்கப்படி 'லா' போட்டுக் கேட்டார்.

"முதல் உலகப் போர் முடிஞ்சப்ப, சண்டையே கூடாதுன்னு சொன்ன குவேக்கர் கிறிஸ்தவங்க எதிரி நாட்டுப் பிள்ளைங்களுக்கே சோறு போட்டாங்க. நீ பசிக்கு நம்பர் கேக்குறியே லா, இன்ஜினியரு!"

அந்தக் கட்டத்தை நீக்கினேன். அப்புறம் நாற்பது பேர் எண் இல்லாமல் சாப்பிட்டார்கள். அந்த பர்மாக்காரர் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் தேடினேன், கிடைக்கவில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே என் பிறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும், அவசரம். என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் படிவத்தில் அந்தச் சான்றிதழ் எண்ணுக்கான ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நிரப்பாவிட்டால் என்னையும் ஏற்காதாம்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
கதிரேசன்