கும்மிக்கு உன் சம்மதம்

கள்ளிக்குப்பம்
தாது வருஷம் தை 2

சிரஞ்சீவி செங்கல்வராயனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உடம்பைக் கேட்டால் நான் சுகம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. ஜப்பான் கோபே பட்டணத்துக் குளிரில் நீ தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, இருமல் நின்றதா, எழுது. இங்கே பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது, மாடுகளுக்குக் கொம்பில் வர்ணமும் பூசியாயிற்று.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது, அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலை இரண்டு தரம் பெருக்குகிறேன், குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறேன். போன ஆடிக் கடைசியில் நீ துணி வாங்கப் போன மலையடி ஊரில், செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாளென்று எல்லோரும் வட்டமாக நின்று ஆடினார்கள் என்று எழுதினாயே, கூலிக்கு ஆடுகிறவர் ஒருவருமில்லை, வயலில் நின்றவர்களும் தறி நெய்தவர்களும்தான் என்றாயே, பாட்டை எடுத்துக் கொடுத்ததே புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாள், அவள்தான் உன் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள் என்றாயே. நீ வேடிக்கையாக எழுதினாய், எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

உன் அப்பா போனதிலிருந்து மூன்று வருஷமாக நான் காணும் பொங்கல் கும்மிக்குப் போகவில்லை. பாட்டு முழுசும் தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். போன வருஷம் ஏரிக்கரையில் பெண்கள் பாதிப் பாட்டில் தடுமாறி நின்றுவிட்டார்கள், நான் வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டு வாய்வரை வந்த பாட்டை விழுங்கினேன். நேற்று எதிர்வீட்டு முனியம்மா வந்து, நீ எடுத்துக் குடுத்தா ஆடுறோம், இல்லாங்காட்டி இந்த வருசம் கும்மியே வாணாம் என்று சொல்லிவிட்டாள். உன் சித்தப்பா சின்னசாமியைக் கேட்டேன். தாலியறுத்தவ கும்மி தட்டினா ஊர் இன்னா சொல்லும் அண்ணி என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அது ஜப்பான், இது கள்ளிக்குப்பம் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று, உன் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கோ, அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்று போய்விட்டார்.

ஆகையால் கேட்கிறேன், உனக்குச் சம்மதமா? செத்தவர்கள் இங்கேயும் வருவார்களோ என்னவோ, வந்தால் உன் அப்பா பாட்டில் எந்த அடிக்கு நின்று கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவரில்லாத ஊரில் வாயை மூடிக்கொண்டிருந்து அலுத்துவிட்டதப்பா.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. நம் குலதெய்வம் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நன்றாக யோசித்தே பதில் எழுது, அவசரமில்லை. இந்தக் கடிதம் கப்பலேறி உன் கைக்கு வர ஒரு மாதம், உன் பதில் வர ஒரு மாதம். கும்மி நாளைச் சாயங்காலம்.

உன் அம்மா
வேம்புலியம்மாள்