வெண்பன்றிப் பயிற்சிக்கு ஒரு கையெழுத்து

உடையார்பாளையம்
14.8.2004

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா சம்பூர்ணம் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், கடல் தாண்டி இருக்கும் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, முந்திரி இந்த வருஷம் சுமார்தான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து என் மனது ஒரு நிலையில் இல்லை. நெதர்லாந்தில் சத்துணவு ஆராய்ச்சி செய்கிறாள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், நீயோ பன்றிக்கு ஆளிவிதை போட்டு வளர்த்தால் அதன் கறியில் மனுஷருக்கு நல்லது செய்கிற கொழுப்பு கூடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்று எழுதியிருக்கிறாய். அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். எறையூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டவர்கள் என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தால் என்ன சொல்வது, நீயே சொல்.

இந்த நேரம் பார்த்து நம் மகளிர் குழுவிலும் ஒரு சங்கடம். குளத்துக்கரையில் பன்றி வளர்க்கிற தர்மன் சம்சாரம் பொன்னம்மாள் வெண்பன்றி வளர்ப்புப் பயிற்சிக்குப் போக மனு கொண்டுவந்தாள், குழுத் தலைவி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இரண்டு கூட்டம் தள்ளிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை கால்நடை டாக்டர் வந்து பேசினார். கொழுப்பில்லாத பன்றிக்கறியில் நல்ல புரதம் இருக்கிறது, பி1 வைட்டமின் மற்ற கறிகளைவிட அதிகம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள் என்றார். மூளைக்குப் புழு ஏறும் என்கிறார்களே என்று நான்தான் கேட்டேன். தெருவில் விடாமல் கொட்டகையில் சுத்தமான தீவனம் போட்டு வளர்த்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை, அதைக் கற்றுக்கொடுக்கத்தான் பயிற்சியே என்றார். வாசற்படி ஓரம் உட்கார்ந்திருந்த பொன்னம்மாள், இதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க யாருங்க சார் என்று கேட்டாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் என்றார் அவர். என் மகளும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை சுகன்யா. பெற்றவளே உன்னை மறைத்துவிட்டேனே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டு அவளை வரச் சொன்னேன். மனுவைக் கையில் கொடுக்கும்போது மனது தாங்காமல், எங்கள் சுகன்யாவும் அங்கே பன்றிப் படிப்புதான் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வெளியில் முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, “அவ்ளோ தூரம் படிக்க வச்சும் பாப்பாவுக்கு இந்த வேலதானா கெடச்சுது? கவலப்படாதீங்கம்மா, வேற வேல கெடைக்கும்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். சிரிப்பதா அழுவதா தெரியாமல் நின்றேன். இன்னும் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல உன்னிடம் ஒரு பதில் இருந்தால் எழுது, எனக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

அங்கே ஓயாமல் மழை என்றாயே, தலை நனைய விடாதே, உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். நீ அந்தக் கறியைச் சாப்பிடுகிறாயா என்று நேற்று அப்பா கேட்டார், தெரியாது என்றேன், அது தெரியாமலே இருக்கட்டும். நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நல்லபடியாக இரு கண்ணு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
சம்பூர்ணம்