நான் மாற்றாமல் விட்ட டயர்

மச்சான்,

இன்று காலை அலுமாரிக்கு மேலிருந்து கிறிஸ்மஸ் பெட்டியை இறக்கினேன். நீ எங்களை விட்டுப் போன வருடம் மகள் கட்டி வைத்த பெட்டி, அதற்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன். நட்சத்திரக் கூட்டின் ஒரு கால் ஒடிந்திருந்தது. குடிலின் வைக்கோலை எலி கடித்திருந்தது. அடியில் நீ வாங்கித் தந்த மல்டிபிளக் கிடந்தது. அதன் முதுகில் கறுப்பு மையால் நீ எழுதியது இன்னும் அழியவில்லை: ‘ரெண்டுக்கு மேல சொருகாத.’ கீழே சின்னதாக, ‘சொன்னாக் கேளு.’ அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். குசினியிலிருந்து மனைவி இரண்டு தரம் கூப்பிட்டாள்.

பதினான்கு வருடம் நாம் ஒரே லொறியை மாறி மாறி ஓட்டினோம். முந்தல் ஐஸ் வாடியில் ஐஸ் போட்டு நிரப்பிய இறாலைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோகும் லொறி. ஒரு வாரம் நீ, மறு வாரம் நான். நீ தில்லையடியிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். உன் முறை இல்லாத நாளிலும், மாரி தொடங்கிவிட்டால், ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி வந்து லொறியைச் சுற்றுவாய்.

கார்த்திகை மாதக் கடைசியில் நீ செய்கிற வேலைகளைப் பார்த்து மற்ற ட்ரைவர்மார் சிரிப்பார்கள். டயரின் வெட்டுக்குள் தீக்குச்சியைத் தலைகீழாகக் குத்திப் பார்ப்பாய். குச்சியின் மருந்துத் தலை மறையவேண்டும். வெளியே தெரிந்தால் அந்த டயர் உனக்கு ஆகாது. வைப்பர் ரப்பரை விரலால் தடவுவாய். முன்கண்ணாடியை உள்ளும் புறமும் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பேப்பரும் போட்டுத் தேய்ப்பாய். வெள்ளத்தைக் கடந்து வந்ததும் கொஞ்சத் தூரம் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்துக் காயவைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியதும் நீதான். “ஓடுற தண்ணிக்கிட்ட நம்மட கெட்டித்தனத்தக் காட்டப்படாது மச்சான். நிண்டு போனா ஐஸ்தான் உருகும்” என்பாய்.

அதே கண்ணோடுதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் சோடனையையும் பார்த்தாய். சவுக்குக் கிளையை வெட்டி வந்து வாளியில் நட்டு, அதில் சின்ன லைட்டுகளைச் சுற்றுவது எங்கள் வழக்கம். கடையில் மலிவாகக் கிடைக்கிற லைட் மாலைகள். முதல் வருடம் நீ வந்து பார்த்தபோது நான்கு மாலைகளை ஒன்றோடொன்று முறுக்கி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சாக்குத் துணியால் மூடி வைத்திருந்தேன். நீ உடனே மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு நிலத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலுக்கிடையில் ஓட்டிப் பார்த்தாய். தோல் வெடித்திருந்ததை வெட்டி எறிந்தாய். பாய்க்குக் கீழே போன வயரைச் சுவரோரமாக எடுத்தாய். குடிலின் வைக்கோலுக்குள் நான் வைத்திருந்த பல்பைக் கழற்றி என் கையில் தந்தாய்.

“இது வைக்கோல்” என்றாய். அவ்வளவுதான்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னாய். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது நீங்கள் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கி, பிறகு முகாமில் இருந்த காலம். கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக, சுவரோடு சுவர். ஒரு கொட்டிலில் குப்பிவிளக்குச் சரிந்ததாம். “வாளி எடுக்கப் போன ஆள் வாளியோட திரும்பி வரக்குள்ள வரிசையே இல்ல மச்சான்” என்றாய். அந்த வரிசையில் உன் வீட்டுக் கொட்டிலும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்றே என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். ஒவ்வொரு வருடமும் நீ வந்து பார்க்காமல் நான் லைட் சுவிட்சைப் போடக்கூடாது. வருடா வருடம் வந்தாய். என் மனைவி உன் வீட்டுக்கென்று பிரண்டி சேர்க்காமல் தனியாக ஒரு கேக் சுட்டு வைப்பாள். “பாலன் பிறக்க முதல் இவர் வந்து சுவிட்சப் பாக்கோணும்” என்று உன்னைக் கேலி செய்வாள். நீ சிரித்துக்கொண்டே வெளியே தொங்கும் நட்சத்திரத்தின் பிளக்குக்குள் மழைத்தண்ணீர் இறங்குமா என்று ஏணியில் ஏறிப் பார்ப்பாய்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த மார்கழியில், லொறியின் முன் இடது டயர் தேய்ந்துவிட்டது என்று நீதான் கண்டுபிடித்தாய். முதலாளியிடம் பேசிப் புது டயர் எடுத்துத் தந்து, “உன்ட முறையில கொண்டுபோய் மாத்திரு” என்றாய். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னால் கோடிப்புறத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். டயர்க் கடையில் கூட்டம். மழை. நாளைக்குப் பார்ப்போம் என்று நான்கு நாள் போய்விட்டது.

அப்போதுதான் மகள் கத்தாரிலிருந்து வருகிறாள் என்ற செய்தி வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறாள். அவள் வாசலுக்கு வரும்போது வீடு சோடித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மறுநாளும் என் முறைதான். பின்னேரம் லொறிச் சாவியை உன்னிடம் நீட்டி, “நாளைக்கு என்ட முறைய நீ எடு மச்சான், மகள் வாறாள்” என்றேன்.

“ஓம், அதுக்கென்ன” என்றாய். பிறகு, “டயர் மாத்தினியா?”

“மாத்திட்டன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆயிரம் தரம் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இல்லை என்றால் நீ ஏசுவாய், அப்போதே டயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு இழுத்துப் போவாய், என் பின்னேரம் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். நீ என் முதுகில் தட்டி, “நாளைக்குத் திரும்பி வரக்குள்ள வீட்டுக்கு வாறன். அதுவரைக்கும் சுவிட்சில கை வைக்காத” என்று சொல்லிவிட்டுப் போனாய்.

விடியும்போது நல்ல மழை. லொறி சேற்றில் நின்றது, சில்லெல்லாம் சேறு. வேறு நாளென்றால் நீ குனிந்து துடைத்துப் பார்த்திருப்பாய். அன்று நீ பார்க்கவில்லை என்று பிறகு வாடியில் சொன்னார்கள். நான் சொல்லிவிட்டேனே.

காலை பத்து மணி இருக்கும். நினைத்ததைவிட முந்தியே வந்துவிட்ட மகளும் கைகொடுக்க, சவுக்குக் கிளையில் கடைசி மாலையைச் சுற்றி முடித்திருந்தோம். மகள் சுவிட்சைப் போடப் போனாள். “வேண்டாம் பிள்ளை, மாமா வந்து பாக்கட்டும்” என்று தடுத்தேன். அந்த நேரம்தான் ஐஸ் வாடியிலிருந்து போன் வந்தது.

சிலாபம் போகிற வழியில், வளைவொன்றில் தேங்கியிருந்த தண்ணீரில் லொறி வழுக்கி, தென்னையில் மோதி நின்றது. வேறு யாருக்கும் காயம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போகிற வழியிலேயே நீ மவுத்தாகிவிட்டாய் என்று அங்கு நின்ற ஒருவர் சொன்னார். றோட்டெல்லாம் ஐஸும் இறாலும். நான் முன் இடது சில்லைப் பார்த்தேன். மழை சேற்றைக் கழுவியிருந்தது. மொட்டை டயர், மினுமினுத்தது.

எல்லோரும் மழை என்றார்கள். அந்த வளைவு எப்போதும் பொல்லாதது என்றார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. உன் ஜனாஸாவைச் சுமந்து போனபோது பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், நாங்கள் தொங்கவிட்ட லைட்டுகள் எல்லாம் எரியாமல் அப்படியே இருந்தன. உனக்குத் தந்த அந்த ஒரு வாக்கை நான் காப்பாற்றியிருந்தேன். மகள் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கட்டினாள்.

கிறிஸ்மஸ் முடிந்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “இனி அதச் சொல்லி என்ன பிரயோசனம்” என்றார். லொறியை விட்டு நின்றுவிட்டேன். ஆனால் உன் மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவ இத்தாவில் இருந்தா. அன்னிய ஆண்கள் பார்க்கக்கூடாத அந்த நான்கு மாதமும் பத்து நாளும் முடியக் காத்திருந்தேன். அது முடிந்த வாரமே தில்லையடிக்குப் போனேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, புது டயர் என் வீட்டில் சாக்குக்குக் கீழே கிடந்ததைச் சொன்னேன். உன்னிடம் பொய் சொன்னதைச் சொன்னேன்.

அவ நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அப்படியே சொன்னா: “அண்டைக்கு விடிய நான் கேட்டன், இந்த மழைக்குள்ள போகத்தான் வேணுமா எண்டு. ‘டயர் புதுசு, பயப்படாத’ எண்டு சொல்லிட்டுத்தான் போனார்.”

மச்சான், என் பொய்யை நீ கொண்டுபோய் உன் மனைவிக்கு ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாய். அதை அறியாமலே நான் செத்திருக்கலாம்.

“நீங்க போங்க அண்ணன்” என்றா. “கோவத்துல சொல்லல்ல. உங்கட முகத்தப் பாக்க எனக்கு இப்ப ஏலாது.”

எழும்பி வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. என் மனைவி மட்டும் நோன்புக்கும் பெருநாளைக்கும் போய் வருவாள். நான் ஒரு பழைய வேன் எடுத்து ஹயர் ஓடினேன். ஒருவர் “வாகனம் நல்லமா?” என்று கேட்டால், நான் பார்க்காமல் இருந்தால் “இன்னும் பாக்கல்ல, பொறுங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது சின்ன வாக்கியம்தான். அதை ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால் போதும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. அவதான்.

“அண்ணன், எங்கட மகளுக்குப் புள்ள நோவு வந்திட்டாம். அவள் இரிக்கிற வண்ணாத்திவில்லுக்குப் போகோணும். றோட்டுல தண்ணி எண்டு ஒரு வாகனமும் வருதில்ல.”

மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனேன். உன் வீட்டு வாசலில் நல்ல மழை. அவ குடையோடு வெளியே வந்தா. என்னைப் பார்த்து, “டயர் பாத்தீங்களா?” என்று கேட்டா.

“பாத்தன் தங்கச்சி. நாலும் நல்லா இரிக்கு.”

அவ தலையாட்டவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றி நடந்தா. ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் குனிந்து, கையால் சேற்றைத் துடைத்து, வெட்டுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தா. நான்கு சில்லும். புடவைக் கரை முழுக்கச் சேறு. நான் மழையில் நின்றேன். பிறகு அவ கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் மனைவிக்குப் பக்கத்தில் ஏறி இருந்தா.

வழியில் ஓர் இடத்தில் றோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடியது. நிறுத்தினேன். எங்களைத் தாண்டி ஒரு உழவு மெசின் போனது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொறுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். உன் மகள் அங்கே நோவோடு கிடக்கிறாள். அவ என்ன சொல்வாவோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவ தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தா. தண்ணீர் வற்றி, நடுக்கோடு தெரிந்த பிறகுதான் எடுத்தேன்.

நாங்கள் போகும்போது குழந்தை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. தாயும் சுகம். உன் நெற்றி என்று என் மனைவி சொன்னாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

புறப்படும்போது உன் மனைவி படியில் வந்து நின்றா.

“வெள்ளிக்கிழமை தில்லையடி ஊட்டுக்குப் போகோணும். நீங்களே வாங்க அண்ணன்.”

“ஓம்” என்றேன்.

“ஏற முதல் நான் பாப்பன்” என்றா.

அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மச்சான். விடிய எழும்பி நான்கு சில்லையும் நானே பார்ப்பேன். பிறகு போய், அவ குனிந்து பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். இனி எத்தனை வருடம் கூப்பிட்டாலும் அப்படியே நிற்பேன்.