பாட்டு ஓடும்போது மட்டும் இருமிய அம்மாவுக்கு

எங்கே இருந்தாலும் இப்போது மூச்சுத் திணறாமல் இருப்பாய் என்று நான் நம்புகிற என் அம்மாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பசுமலையில் தங்கச்சி கோமதி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் நல்ல செய்தி. தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மூக்கும் உன் மூக்குத்தான். சீமையில் சண்டை மூண்டதிலிருந்து இங்கே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிறோம். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். நீ படுத்திருந்த பின்கட்டு அறையில் விறகு அடுக்கியிருக்கிறது. அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. அடுப்புக்கு விறகு வேண்டுமென்றால் நான் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருப்பார்.

அந்தக் கிராமபோன் பெட்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா தன் ஆபீஸ் துரையின் பங்களாவுக்கு ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவர், அங்கே விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்க, பின்னால் மெதுவாகப் பாட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டி பாட வேண்டும், பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். நீ சிரித்தாய். "பாடுறவுக அம்புட்டு உசிரக் கொடுத்துப் பாடுவாக, நாம பஜ்ஜியத் தின்னுக்கிட்டு ஊர்க்கதை பேசணுமா?" என்று கேட்டாய். அவரோ கேட்கிற ஆள் இல்லை. சாவி கொடுக்கவும் ஊசி மாற்றவும் பிளேட்டைத் திருப்பிப் போடவும் என்னை நியமித்தார். சங்கீதத்தில் எனக்கு எது ராகம், எது தாளம் என்று தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரத் தெரியும், அவ்வளவுதான்.

நீயோ அடுக்களையில் இருந்தபடியே தாளம் போடுவாய். கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுவாய், ஒன்றுமில்லாவிட்டால் விரலால் கதவில் தட்டுவாய். உனக்குப் பிடித்தது அந்த நாகஸ்வரப் பிளேட். இதெல்லாம் நீ நன்றாக இருந்தபோது.

பிறகு உனக்கு அந்த இருமல் வந்தது. டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் க்ஷயம் என்று சொன்னார். அந்தச் சொல் வெளியே தெரிந்தால் கோமதியை எந்த வீட்டில் கட்டிக்கொள்வார்கள்? ஜாதகம் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உன்னைப் பின்கட்டு அறையில் படுக்க வைத்தோம். வீட்டுக்கு யாராவது வந்தால் உன் இருமல் கூடம்வரை கேட்டது. அப்போது வழி சொன்னதே நீதான். "பிளேட்டப் போட்டுவிடுங்க. நான் பாட்டுக்குள்ளயே இருமிக்கிறேன்" என்றாய்.

சொன்னபடியே செய்தாய், அம்மா. ஒரு பிளேட் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் ஓடும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் இருமித் தீர்த்துவிடுவாய். நான் பிளேட்டைத் திருப்பிப் போட்டுச் சாவி கொடுத்து ஊசி வைக்கிறவரை வீடு நிசப்தமாக இருக்கும். அந்த நேரத்தில் முந்தானையை வாயில் திணித்து அடக்கிக்கொள்வாய். வந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இவர்கள் வீட்டில் எப்போதும் சங்கீதம்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டு அப்பாவும் தலையாட்டினார்.

பசுமலைக்காரர்கள் கோமதியைப் பெண் பார்க்க வந்த சாயங்காலத்தை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நீ பின்கட்டில் இருந்தாய், கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாதே. உடம்பு சரியில்லாத உன் தம்பி பெண்டாட்டிக்குத் துணையாக நீ ஒத்தக்கடைக்குப் போயிருக்கிறாய் என்று அப்பா அவர்களிடம் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா நல்ல சங்கீத ஞானம் உள்ளவர் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அன்று நல்ல பிளேட்டாகப் பார்த்து அடுக்கி வைத்திருந்தேன். கோமதி காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்தாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. உன் தம்ளரால் கட்டில் சட்டத்தில் தட்டுகிற சத்தம். பாட்டுக்கு அடியில் மெல்லக் கேட்டது. நான் பயப்படவில்லை. அம்மா தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். எத்தனை மாசமாயிற்று நீ தாளம் போட்டு! இன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள், மகளுக்கு வரன் அமைவது தெரிந்து சந்தோஷமாக இருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளேட் முடிந்ததும் சத்தம் நின்றது. அடுத்த பிளேட் ஆரம்பித்ததும் மறுபடியும் வந்தது. தாளம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. உனக்குப் பிடிக்குமே என்று, அடுக்கில் அடியில் கிடந்த நாகஸ்வரப் பிளேட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். அதற்கு மேல் உள்ளேயிருந்து வந்த எந்தச் சத்தமும் கூடத்துக்குக் கேட்கவில்லை.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் புறப்பட்ட பிறகு உன்னிடம் முதலில் நான்தான் சொல்லவேண்டும் என்று ஓடிவந்தேன். பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது. தலையணை நனைந்திருந்தது. தம்ளர் உன் கையிலேயே இருந்தது.

அப்பா ஒரு நிமிஷம்தான் நின்றார். பிறகு, "ஒருத்தரும் அழக் கூடாது" என்றார். நீ இப்போது ஒத்தக்கடையில் இருப்பதாகப் பசுமலைக்காரர்களிடம் சொல்லியாயிற்று. நீ இந்த வீட்டில் சாக முடியாது. உனக்குப் போர்வை போர்த்தி, நோயாளியைக் கொண்டுபோகிற மாதிரி கூண்டு வண்டியில் கிடத்தினோம். எதிர்வீட்டு அக்கா வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். காய்ச்சல், தாய்வீட்டுக்குப் போகிறாள் என்றோம். கோமதி பெண் பார்க்க உடுத்திய பட்டுச் சேலையோடு உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வைகைப் பாலம் தாண்டி, கோரிப்பாளையம் தாண்டி, வாயை மூடிக்கொண்டே வந்தாள். ஒத்தக்கடையில் மாமா வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் நாங்கள் அழுதோம். இருபத்தைந்து வருஷம் நீ கோலம் போட்ட வாசலிலிருந்து உன்னைப் பூவும் மஞ்சளுமாக எடுத்துப்போக எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கொடுத்துவைக்கவில்லை என்று ஏன் பூசி மெழுகுகிறேன்? நாங்கள்தான் செய்யவில்லை.

வருஷம் திரும்பியதும் கோமதிக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி ஆசைப்படுகிறார் என்று அப்பா அந்தப் பெட்டியையே சீரோடு அனுப்பிவிட்டார். விட்டது தொல்லை என்று எனக்கும் இருந்தது.

ஆனால் அம்மா, இந்த நாலு வருஷமும் நான் நடமாடியது ஒரே ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான். என் அம்மா கடைசியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனாள், தாளம் போட்டுக்கொண்டே போனாள் என்று. யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காது குத்தினார்கள். பசுமலை வீடு நிறைய விருந்தாளிகள். கூடத்தில் நம் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. கோமதியின் மாமனார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, என் பக்கம் குனிந்து கேட்டார்.

"தம்பி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி உங்க வீட்டுல உள்ளாற யாரு இருந்தாக?"

ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"யாரோ தட்டிக்கிட்டே இருந்தாகளே. மொதல்ல தாளம்னுதான் நெனச்சேன். ஒரு இடத்துலகூட தாளத்துல விழுகல. யாருக்கோ என்னமோ செய்யுது, போய்ப் பாருங்கப்பான்னு சொல்ல வாய்வரைக்கும் வந்துச்சு. பொண்ணு பாக்க வந்த எடத்துல, அடுத்தவுக வீட்டு உள்ளாற நடக்குறத நாம எப்படிக் கேக்குறதுன்னு பேசாம இருந்துட்டேன்."

"யாருமில்ல மாமா," என்றேன்.

எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றேன். உள்ளே பாட்டு முடிந்தது. யாரோ பிளேட்டை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது, வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் பாட்டு நின்றபோதெல்லாம் உன் தம்ளரும் நின்றதே, அது தாளம் என்பதற்காக இல்லை. உயிர் போகிற நேரத்திலும் வந்தவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று காத்திருந்தாய். அடுத்த பாட்டு ஆரம்பித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாய். நான் ஒவ்வொரு பிளேட்டாகப் போட்டு உன்னைக் கூப்பிட விட்டேன், வரவில்லை. எத்தனை தடவை தட்டினாய்? நாகஸ்வரம் கேட்டதும் என்ன நினைத்தாய்? இவன் வரமாட்டான் என்று தெரிந்துவிட்டதா?

இனி எனக்கு அந்த ஒரு பிடிமானமும் இல்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் தாங்கமாட்டார். கோமதியிடம் சொன்னால், தன் கல்யாணத்துக்காகத்தான் நீ போனாய் என்று அவள் காலமெல்லாம் வேகவேண்டும். ஊருக்குத் தெரிந்தால், நீ எதற்காக வாயில் துணியைத் திணித்துக்கொண்டாயோ அதையே நான் கெடுத்ததாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழி இல்லை. நீ இருந்தால் என்ன சொல்வாய்? பேசாமல் இருடா என்றுதான் சொல்வாய், தெரியும்.

இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பசுமலைக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாருக்காவது காட்டுவதானால் அதற்குப் பிறகுதான். நான் அங்கே போவதால் கோமதிக்கு என்ன வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று கூடம் நிறைய உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் உன்னைக் கேட்டவர் அந்த மனிதர் ஒருவர்தான், அம்மா. பெற்ற பிள்ளைக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. அவரிடம் போய், அன்றைக்கு உள்ளே இருந்தது எங்கள் அம்மா என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

உன் மூத்தவன்,
சுந்தரம்