குசினியில் கற்ற ஸ்கொட்லாந்துச் சொற்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

"இவை என் அப்பாவின் சொற்கள்" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. நீங்கள் கண்மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களை மறைத்துவிட்டேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் சமையற் பாடத்துக்கு ஆசிரியை தேடியது. அந்த வேலை கிடைத்தால் தங்கச்சிமாரின் படிப்பு நிற்காது என்று போனேன். தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரி, பக்கத்தில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒரு துரை. குசினிப் படமொன்றைக் காட்டி, பொருள்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள்.

உருளைக்கிழங்குக்கு 'டாட்டீஸ்' என்றேன். ரொட்டி சுடும் இரும்புத் தட்டுக்கு 'கேர்டில்', கஞ்சி கிளறும் கோலுக்கு 'ஸ்பர்டில்'. பள்ளிப் புத்தகத்தில் உள்ள பெயர்கள் எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் வீட்டுப் பெயர்களே வாயில் வந்தன.

துரை சிரித்தார். "இது குசினி இங்கிலீஷ். எந்தக் கோக்கியிடம் படித்தாய்?"

"புத்தகத்தில் படித்தேன்" என்றேன்.

"அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடு" என்றார். தலைமை ஆசிரியையும் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்பா.

நீங்கள் கோக்கியாய்ச் சமைத்த கறுவாத்தோட்டத்துப் பங்களாவில் துரைசாணி சொன்ன சொல்லைக் கொட்டாஞ்சேனை வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவீர்கள். செருப்பைக் கழற்றுமுன், "பிள்ளை, மறக்க முன்னம் எழுது" என்பீர்கள். நான் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதுவேன். "கஞ்சி கிண்டுற தடிக்கும் ஒரு பட்டமோ? அப்ப என்ர அகப்பைக்கும் ஒண்டு வையுங்கோ" என்று அம்மா பகிடி பண்ணுவா. ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புத்தான், சீனி போட்டால் பங்களாத் துரை ஏசுவார் என்பதும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம் என்றே நம்பியிருந்தோம். ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் தாய் வீட்டில் பேசும் சொற்கள் அவை என்பது, அன்று பின்னேரம் வாசிகசாலை அகராதியைப் புரட்டிய பிறகே தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சிரித்த அந்தத் துரைக்கோ இது முன்னமே தெரியும். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. பங்களாவில் ஒரு சனவரி விருந்துக்குப் பாத்திரம் துடைக்க என்னையும் கூட்டிப் போனீர்களே, அன்று அவர் அங்கே இருந்தார். ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸோடு இரைப்பையில் அடைத்து அவித்த 'ஹாகிஸை' நீங்கள் ஏந்தி வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார். மசித்த டர்னிப் கிழங்கை 'நீப்ஸ்' என்று சொல்லித்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அவர் மேசையில் இருந்து சொன்னால் பெருமை. நான் சொன்னால் மட்டும் ஏன் அதில் கரி ஒட்டிக்கொள்கிறது?

நானும் எதற்குச் சேர்ந்து சிரித்தேன்?

மறுநாள் தலைமை ஆசிரியைக்கு எழுதினேன். புத்தகம் என்றது பொய், அந்தச் சொற்கள் கோக்கியாக இருந்த என் அப்பா தேடி வைத்தவை, உங்கள் குழுத் துரை அவர் சமைத்ததைக் கைதட்டிச் சாப்பிட்டிருக்கிறார் என்று. "வேலை கிடைக்கிற நேரத்தில உனக்கேன் இந்த வீறாப்பு?" என்று அம்மா அழுதா. என்றாலும் முத்திரை ஒட்டித் தந்தது அவதான்.

இனி யார் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லுவேன், அப்பா. இது சத்தியம்.

நாலாம் நாள் பதில் வந்தது. வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் மூத்தவள்,
கோக்கி சவிரிமுத்துவின் மகள்